ஒரு சுற்று என்றால் எவ்வளவு?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



எந்த ஊர் என்று யாராவது கேட்டால் திருவண்ணாமலை என்பேன். உடனே அடுத்த கேள்வி வரும்: “கிரிவலம் போவியா?” நான் போனதில்லை. என்னுடைய திருவண்ணாமலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குன்று. மேலே சீனிவாசப் பெருமாள் கோயில். தென் திருப்பதி என்பார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் கால் வைக்க இடம் இருக்காது. இதை ஹாஸ்டலில் எத்தனை முறை விளக்கினாலும் கேட்பவர் யார்? முதல் வாரத்திலேயே எனக்கு ‘கிரிவலம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூன்று வருடமாக அதுதான் என் பெயர். சரி, பேரவை மலரில் எழுத வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, பெயருக்கு ஏற்ற மாதிரி ‘சுற்று’ பற்றியே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சும்மா சுற்றுவது பற்றி அல்ல (அதில் நம் எல்லோருக்குமே டாக்டர் பட்டம் கொடுக்கலாம்). கோணத்தை அளக்கும் அலகாக ஒரு முழுச் சுற்றைப் பற்றி.

கோணம் என்றதும் நமக்கு 360 டிகிரி ஞாபகம் வரும். கொஞ்சம் படித்துவிட்டால் 2 பை ரேடியன். இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அதுதான் ஒரு சுற்று. அதைத்தான் ஒருவர் 360 ஆகவும், இன்னொருவர் 2 பை ஆகவும், மற்றொருவர் 400 ஆகவும் வெட்டினார். முழுப் பூசணிக்காயை விட்டுவிட்டு நாம் துண்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படி எண்ணப்போய் நான் ஒரு கியரைப் பாழாக்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஜூனியர்களுக்கு உதவும்.

எங்கள் புராஜெக்டுக்கு ஒரு கியர் ஜோடி தேவைப்பட்டது. 31 பல், 48 பல். மாட்யூல் இரண்டரை. ஏன் 31 என்று கேட்டால், அது பகா எண். 48-ஓடு சேரும்போது ஒரு குறிப்பிட்ட பல்லும் எதிர்ச் சக்கரத்தின் ஒரு குறிப்பிட்ட பல்லும் ஒருமுறை சந்தித்தால், மறுபடி சந்திக்கச் சின்ன சக்கரம் 48 சுற்று சுற்ற வேண்டும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பங்காகிவிடும். நான்கு பேரும் காசு போட்டு பிளாங்க் வாங்கி வந்தோம். லேத்தில் 82.5 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கடைந்தாயிற்று. பல் வெட்டும் வேலை என் கையில்.

மில்லிங் மெஷினில் டிவைடிங் ஹெட்டைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு வார்ம், 40 பல் உள்ள ஒரு வார்ம் வீல். வெளியே கிராங்க் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்று சுற்றும். கிராங்க் ஒரு சுற்றுக்கு 9 டிகிரி. அன்றைக்கு ஹெட்டில் இரண்டாம் நம்பர் பிளேட் மாட்டியிருந்தது. முந்தின பேட்ச் வைத்துவிட்டுப் போன செட்டிங், 27 ஓட்டை வளையத்தில் ஊசி. 27 ஓட்டை என்றால் ஓட்டைக்கு மூன்றில் ஒரு டிகிரி. நான் கால்குலேட்டரை எடுத்தேன். 360-ஐ 31-ஆல் வகுத்தால் 11.6129 டிகிரி. ஒரு முழுச் சுற்றுக்கு 9 போக மீதி 2.6129. ஓட்டைக் கணக்கில் 7.84. எட்டு ஓட்டை என்று வைத்துக்கொண்டேன். “பாயின்ட் ஒன் சிக்ஸ்தானே மச்சி, என்ன ஆகப்போகுது?” என்று பக்கத்தில் நின்றவனும் ஒத்து ஊதினான்.

என்ன ஆயிற்று என்றால், ஒவ்வொரு நகர்வும் 11.6129-க்குப் பதில் 11.6667 டிகிரி ஆனது. ஒரு பல்லில் அது கண்ணுக்கே தெரியாது. முப்பது நகர்வு முடிந்தபோது சரியாக 350 டிகிரி வந்திருந்தது. கடைசிப் பல்லுக்கு மிச்சம் 10 டிகிரிதான். வர வேண்டியதில் 1.6 டிகிரி குறைவு. பிட்ச் வட்டத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று மேல். நான்கு மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டிய பல், பால்பல் மாதிரி மூன்றுக்கும் குறைவாக நின்றது. 48 பல் சக்கரத்தோடு சேர்த்துக் கையால் சுற்றிப் பார்த்தோம். ‘டக்’. மறுபடி ஒரு சுற்று, மறுபடி ஒரு ‘டக்’. ஒரு சுற்றுக்கு ஒரு டக். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்ஸ்ட்ரக்டர் சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “எத்தனை பல்?” என்றார். “31 சார்.” “எத்தனை சுத்து?” “40 சார்.” “அப்ப நாப்பதை முப்பத்தொண்ணு பேருக்குப் பங்கு வை. டிகிரி எங்கடா வந்துச்சு நடுவுல?”

பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு சுற்று, மீதி 31-இல் 9 பங்கு. 31 ஓட்டை வளையத்தில் ஒரு சுற்றும் 9 ஓட்டையும். அவ்வளவுதான். தசமப் புள்ளியே இல்லை. 31 நகர்வு முடிந்ததும் மொத்தம் சரியாக 40 சுற்று, ஊசி புறப்பட்ட ஓட்டைக்கே வந்து நிற்கும். இதில் கொடுமை என்ன தெரியுமா? இரண்டாம் நம்பர் பிளேட்டில் உள்ள வளையங்கள் 21, 23, 27, 29, 31, 33. நான் ஊசி வைத்திருந்த வளையத்திலிருந்து இரண்டு வளையம் தள்ளி, அதே பிளேட்டில், 31 இருந்தது! ஊசியைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் போதும்.

சார் இன்னொன்றும் சொன்னார். கட்டரை இறக்குவதற்கு முன்னால் வெறுமனே ஒருமுறை முழுக்க இன்டெக்ஸ் செய்து பார்க்க வேண்டும். ஊசி புறப்பட்ட ஓட்டைக்கு வரவில்லையென்றால் கணக்கு தப்பு. பத்து நிமிட வேலை. சுற்று என்ற அலகுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. அது தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். புறப்பட்ட இடத்துக்கு வந்தால் சரி, வராவிட்டால் தப்பு.

இரண்டாவது பிளாங்க் வாங்க நண்பர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மா மில்லில் ரிங் பிரேம் பார்க்கிறவர். டபுள் ஷிப்ட் பார்த்த காசிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, “என்னய்யா தப்புப் பண்ணின?” என்று கேட்டார். கியர், டிகிரி, ஓட்டை என்று நான் என்னென்னவோ சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சுத்துக் கணக்கை விட்டுட்டியாக்கும்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு செமஸ்டர் படித்தவன் அரைப் பக்கம் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டாரே!

அப்புறம்தான் உறைத்தது, அம்மாவின் வேலையே சுற்றுக் கணக்குதான் என்று. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் நூல் ஆலைச் சங்குதான் பலருக்குக் கடிகாரம். பஞ்சை நூலாக்குவது எது? முறுக்கு. முறுக்கு இல்லாவிட்டால் அது வெறும் பஞ்சுத் திரி, இழுத்தால் கையோடு வந்துவிடும். முறுக்கை எப்படி அளக்கிறார்கள்? ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று. டீ.பி.ஐ. என்பார்கள். டிகிரியில் யாரும் சொல்வதில்லை.

கணக்கு எளிது. நூல் கவுண்டின் வர்க்கமூலத்தை ட்விஸ்ட் மல்டிப்ளையரால் பெருக்க வேண்டும். 40-ஆம் நம்பர் நூல், மல்டிப்ளையர் 4 என்றால் அங்குலத்துக்கு 25.3 சுற்று. மீட்டருக்குச் சுமார் 996. ஏறத்தாழ ஆயிரம் சுற்று! நீங்கள் போட்டிருக்கும் சட்டையில் ஒரு மீட்டர் நூலை உருவினால் அதற்குள் ஆயிரம் சுற்று அடைந்து கிடக்கலாம். இதையே மூன்று லட்சத்து அறுபதாயிரம் டிகிரி என்று சொல்லிப் பாருங்கள். மில்லில் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

லேபில் முறுக்கு எண்ணும் கருவி இருக்கிறது. பத்து அங்குல நூலை இரண்டு பிடிக்கு நடுவில் மாட்டி, முறுக்கு அவிழும் பக்கமாகக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். முழுக்க அவிழ்ந்ததும் நிறுத்தாமல் அதே பக்கம் சுற்ற, எதிர்த்திசையில் முறுக்கு ஏறி நூல் பழைய நீளத்துக்கே சுருங்கும். டயலில் 506 என்று வந்தால் அதில் பாதி அவிழ்த்தது, பாதி ஏற்றியது. எனவே 20-ஆல் வகுத்தால் 25.3. அம்மாவுக்கு அந்தக் கருவி தேவையில்லை. ஒரு முழ நூலை இரண்டு கையிலும் பிடித்து, கைகளைக் கிட்டக் கொண்டுவருவார். நூல் தானே தன்மேல் சுற்றிக்கொண்டு ஒரு சின்னச் சடை விழும். சடையைப் பார்த்து, “முறுக்கு சாஸ்தி” என்றோ “பத்தாது” என்றோ சொல்லிவிடுவார். குறைந்தால் நூல் அறும். கூடினால் சுருக்கு விழும், உற்பத்தியும் குறையும். ஏனென்று பாருங்கள். கதிர் நிமிடத்துக்கு 16,000 சுற்று ஓடுகிறது என்றால், அங்குலத்துக்கு 25.3 வீதம் நிமிடத்தில் சுமார் 632 அங்குல நூல்தான் வரும். அதாவது 16 மீட்டர். அங்குலத்துக்கு ஒரு சுற்று கூட்டிவிட்டால் 24 அங்குலம் போச்சு. ஒரு கதிருக்கு, ஒரு நிமிடத்துக்கு.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கதிரைச் சுற்றி இருக்கும் ரிங்கில் டிராவலர் என்ற சின்னக் கம்பி வளையம் ஓடுகிறது. நூல்தான் அதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. முறுக்கு ஏறுவது டிராவலரின் சுற்றால். ஆனால் டிராவலர் கதிரைவிடக் கொஞ்சம் பின்தங்கி ஓட வேண்டும். இரண்டும் ஒன்றாக ஓடினால் முறுக்கு ஏறிக்கொண்டே இருக்கும், நூல் பாபினில் சுற்றாது. பாபின் விட்டம் ஒன்றரை அங்குலம் இருக்கும் நேரத்தில், வரும் 632 அங்குல நூலைச் சுற்ற 134 வளையம் தேவை. எனவே கதிர் 16,000 சுற்றும்போது டிராவலர் 15,866 சுற்றும். கதிரின் சுற்று கழித்தல் டிராவலரின் சுற்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாபினில் விழுந்த வளையங்கள். அந்த 134 சுற்று முறுக்கு நஷ்டமா? இல்லை. பிறகு கோன் ஓட்டும்போது பாபின் முனைவழியாக நூலை இழுப்பார்கள். அவிழும் ஒவ்வொரு வளையமும் ஒரு சுற்று முறுக்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். வட்டியில்லாக் கடன்!

சுற்றிலிருந்து சுற்றைக் கழிக்கும் இந்தக் கணக்கை வேறெங்கோ படித்த மாதிரி இருந்தது. நூலகத்தில் தேடினேன், கிடைத்துவிட்டது. ஆரியபட்டர்! கி.பி. 499-ஐக் காலமாகக் குறிக்கும் ஆரியபடீயத்தில், ஒரு கோள் ஒரு நாளைக்கு இத்தனை டிகிரி நகரும் என்று அவர் தொடங்கவில்லை. 43,20,000 ஆண்டு கொண்ட ஒரு யுகத்தில் ஒவ்வொன்றும் எத்தனை முழுச் சுற்று சுற்றும் என்று மட்டும் பட்டியல் கொடுத்தார். அவருக்கு டிகிரியும் கலையும் தெரியாமலில்லை. வட்டத்தை 21,600 கலையாக வெட்டித்தான் சைன் அட்டவணை போட்டவர். ஆனாலும் வேகத்தைச் சொல்ல முழுச் சுற்றையே எடுத்தார். காரணம் நம்முடைய 31 பல் காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முழு எண்ணில் பிசிறு இல்லை.

அவர் கொடுத்த எண்களில் மூன்று: சூரியன் 43,20,000 சுற்று. சந்திரன் 5,77,53,336 சுற்று. பூமி தன்னைத்தானே சுற்றுவது 1,58,22,37,500 சுற்று. (ஆமாம், பூமிதான் சுற்றுகிறது என்று அவர் சொன்னார். பின்னால் வந்த உரைகாரர்கள் சிலர் அதற்குச் சங்கடப்பட்டார்கள்.) இனி நம் ரிங் பிரேம் கணக்கு. பூமியின் சுற்றிலிருந்து சூரியனின் சுற்றைக் கழியுங்கள். 1,57,79,17,500 வரும். அதுதான் யுகத்தில் உள்ள பகல்–இரவு நாட்கள். ஆண்டுக்கு வகுத்தால் 365.2587 நாள். பூமி வருடத்துக்கு 365 அல்ல, 366 சொச்சம் சுற்று சுற்றுகிறது, அதில் ஒன்று சூரியனைச் சுற்றி வந்ததில் கழிந்துபோகிறது. டிராவலர் பின்தங்கின மாதிரிதான். ஒரு நட்சத்திரம் மறுபடி உச்சிக்கு வர 24 மணி ஆகாமல் 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் வந்துவிடுவது இதனால்தான். ஆரியபட்டரின் எண்களை வகுத்துப் பாருங்கள், அந்த 4 விநாடி வரை வருகிறது.

இன்னொரு கழித்தல். சந்திரனின் சுற்றிலிருந்து சூரியனின் சுற்றைக் கழித்தால் 5,34,33,336. அத்தனை பௌர்ணமி. நாட்களை அதனால் வகுத்தால் ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சராசரி இடைவெளி 29.5306 நாள். இன்றைய அளவீடும் நான்கு தசம இடத்தில் அதுவேதான். அந்தத் திருவண்ணாமலையில் கிரிவலத்துக்குக் கூட்டம் எப்போது கூடும் என்பதற்குள்ளும் ஒரு சுற்றுக் கழித்தல் ஒளிந்திருக்கிறது!

சரி, வானத்திலிருந்து இறங்கிப் பாடப் புத்தகத்துக்கு வருவோம். சுற்று இவ்வளவு நல்லது என்றால் டிகிரியும் ரேடியனும் எதற்கு? 360 பாபிலோனியர் வழி வந்தது. அவர்கள் 60-ஆல் எண்ணியவர்கள். 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் என்பதால் அது நிலைத்துவிட்டது. (7-ஆல் வகுபடாது. 31-ஆலும்!) 400 பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து மெட்ரிக் ஆசை. நம் கால்குலேட்டரில் தெரியாமல் கைபட்டு ‘ஜி’ என்று மாறி, பரீட்சையில் உயிரை வாங்குமே, அந்த கிரேடு இதுதான். ரேடியன் என்ற சொல் 1873-இல் பெல்ஃபாஸ்டில் ஜேம்ஸ் தாம்சன் என்ற பேராசிரியர் தயாரித்த தேர்வுத்தாளில் அச்சேறியது. கேள்வித்தாளிலேயே பிறந்த சொல், நம்மைக் கேள்வித்தாளில் வதைப்பதில் ஆச்சரியம் இல்லை. சுற்றையே முறையான அலகாக்கி நூறாகவும் ஆயிரமாகவும் பிரிக்கலாம் என்று வானியலாளர் ஃபிரெட் ஹாயில் 1962-இல் சொன்னார். கால்குலேட்டர் பொத்தான் வரை அது பரவலாக வரவில்லை.

வரத் தேவையில்லை என்றும் சொல்லலாம். பட்டறையில் அது எப்போதும் இருக்கிறது. மைக்ரோமீட்டரில் திம்பிள் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர். அதை 50 ஆக வெட்டியதால் 0.01 கிடைக்கிறது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். ஃபிட்டர் அண்ணன் போல்ட்டை முடுக்கும்போது “கை டைட் வச்சிட்டு கால் சுத்து விடு” என்பார், 90 டிகிரி என்று சொல்லமாட்டார். மின்னியல் துறை நண்பர்கள் காயிலுக்கு எத்தனை சுற்று என்றுதான் கேட்பார்கள்.

ரேடியனைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் சுற்றை நீளமாக மாற்ற முடியாது. ‘2 பை என்.டி. பை 60’ என்ற பவர் சூத்திரத்தை நாம் எல்லோரும் மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறோம். அதில் 2 பை எங்கிருந்து வந்தது? என் என்பது நிமிடத்துக்கு இத்தனை சுற்று. டார்க்கோடு பெருக்க வேண்டியது ரேடியன். ஒரு சுற்றை ரேடியனாக மாற்றும் நாணய மாற்று விகிதம்தான் அந்த 2 பை. 60 நிமிடத்தை விநாடியாக்க. 3.73 கிலோவாட் மோட்டார், 1,440 சுற்று என்றால் டார்க் சுமார் 24.7 நியூட்டன் மீட்டர். 2 பை-யை மறந்தால் 155 வரும். அந்த அளவுக்கு ஷாஃப்ட் டிசைன் செய்து வந்தவரை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், அவர் இந்தக் கட்டுரையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்த ‘டக்’ சத்தத்துக்கும் மில்லில் ஒரு பயன் உண்டு. ரிங் பிரேமில் முன் ரோலர் விட்டம் 27 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அது துளி கோணலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நூல் தடித்து மெலியும். ஒரு சுற்றுக்கு வெளிவரும் நூல் 27 பெருக்கல் பை, சுமார் 85 மில்லிமீட்டர். நூலின் சீர்மையைச் சோதிக்கும் கருவியில் எட்டரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை குறை தெரிந்தால், மெஷினைப் பிரிக்காமலே முன் ரோலரைப் பார் என்று சொல்லிவிடலாம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் கோளாறு, சுற்றுகிற பொருளின் கையெழுத்து.

கடைசியாக, சிவில் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒன்று. மூடிய டிராவர்ஸில் உட்கோணங்களின் கூட்டுத்தொகை பக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். ஒவ்வொரு மூலையிலும் நாம் எவ்வளவு திரும்பினோம் என்று மட்டும் கூட்டினால் (இடப்பக்கம் திரும்பியதைக் கழித்து) எத்தனை பக்கம் இருந்தாலும் விடை ஒன்றுதான். ஒரு சுற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நான்கு ரத வீதியும் திரும்பி நிலைக்கு வந்தால், அது திரும்பிய மொத்தக் கோணம் ஒரு சுற்று. தெருவின் நீளம் எவ்வளவாகவும் இருக்கட்டும்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. தேரின் உள்பக்கச் சக்கரத்துக்கும் வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் இடைவெளி மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேர்த்தெருவில் இரண்டும் சமதூரம் ஓடும். மூலையில் மட்டும் வெளிச்சக்கரம் அதிகம் ஓட வேண்டும். எவ்வளவு? இடைவெளி பெருக்கல் திரும்பிய ரேடியன். மொத்தம் ஒரு சுற்று என்பதால் 3 பெருக்கல் 2 பை, ஏறத்தாழ 18.85 மீட்டர். தெரு நூறு மீட்டரானாலும் ஆயிரம் மீட்டரானாலும் இதே 18.85-தான். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மூலையில் ஏன் அவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? வித்தியாசம் முழுவதும் நான்கு மூலையில் தீர்க்கப்பட வேண்டும். காரில் டிஃபரென்ஷியல் இருக்கிறது, தேருக்கு மனிதர்கள்தான்.

இரண்டு பேர் ஒரு மீட்டர் இடைவெளியில் ஜோடியாக ஒரு மலையைச் சுற்றினால், வெளியே நடப்பவர் 6.28 மீட்டர் அதிகம் நடப்பார். எங்கள் ஊர்ச் சின்னக் குன்றைச் சுற்றினாலும் 6.28. அந்தத் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் பாதையில் சுற்றினாலும் அதே 6.28. ஹாஸ்டல் நண்பர்களே, இந்த ஒரு விஷயத்தில் இரண்டு திருவண்ணாமலையும் சமம்!

இரண்டாவது பிளாங்கில் 31 ஓட்டை வளையத்தில் முதலில் வெறுமனே சுற்றிப் பார்த்தேன். ஊசி புறப்பட்ட ஓட்டைக்கே வந்தது. பிறகுதான் கட்டரை இறக்கினேன். 48-ஓடு சேர்த்துச் சுற்றினோம். சத்தமே இல்லை.

புரட்டாசியில் அம்மாவோடு மலைக்குப் போனேன். படியேறிக் கும்பிட்டுவிட்டுப் பிரகாரத்தில் மூன்று சுற்று. அம்மா சுவரை ஒட்டி உள்ளே, நான் கூட்டத்தைத் தடுத்துக்கொண்டு வெளியே. முடித்ததும் சொன்னேன், “அம்மா, நான் உங்களைவிடப் பத்தொன்பது மீட்டர் கூட நடந்திருக்கேன்.”

“எத்தனை சுத்து?” என்றார்.

“மூணு.”

“நானும் மூணுதான்யா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்க ஆரம்பித்துவிட்டார்.